நீர் விடும் ஜெல்: இராமநாதபுரம் கரையோரத்தில் அகர் தயாரிப்பின் வரலாறு

1 கிலோ அகர் தூள் வேண்டுமானால் முதலில் ஏறக்குறைய 100 கிலோ ஜெல் காய்ச்ச வேண்டும். அதில் 99 கிலோ வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் அகர் தொழிலின் தலையாய கேள்வி. மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரையுள்ள கரையிலும் எதிரே கிடக்கும் தீவுகளைச் சுற்றியும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் விளைகின்றன. இரண்டும் அகர் தரும் செம்பாசிகள். ஆனால் பாசி விளையும் கரையில் ஆலைகள் எழவில்லை. மதுரையைச் சுற்றித்தான் எழுந்தன. காரணம் கேட்டால் முதலீடு, சந்தை, சாலை வசதி என்று அடுக்குவார்கள். அவை பொய்யல்ல. எனினும் வெப்பத்துக்கேற்ப இளகியும் இறுகியும் மாறும் ஒரு ஜெல்லுக்குள் நீர் எப்படி நகர்கிறது என்பதைக் கணக்கில் கொள்ளாமல் இந்தக் கரையின் பாசி வரலாற்றை எழுத முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வலையும் நீரும்

அகரின் பெரும்பகுதி அகரோஸ் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அகரைப் பிரித்து அதன் கட்டமைப்பைத் தெளிவாக்கியவர் ஜப்பானிய வேதியியலர் சோஜி அராக்கி. கொதிநீரில் இந்தச் சங்கிலிகள் தனித்தனியாக அலையும். கரைசல் ஆறி 40 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும். முறுக்குகள் சேர்ந்து கற்றைகளாகி ஒரு வலையாகும். நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு அகர் இருந்தாலே போதும், மீதி நீர் முழுவதும் வலைக்கண்களில் சிக்கி நின்றுவிடும். இறுகிய ஜெல் மறுபடி அதே 40 பாகையில் உருகாது. 85 பாகைக்கு மேல் போக வேண்டும். இந்த இடைவெளி அகருக்கே உரிய பெரும் சிறப்பு. சித்திரை வெயிலில் கீழக்கரை வீட்டுத் திண்ணையில் வைத்தாலும் அகர் ஜெல் உருகாது. விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உருகிவிடும்.

சிக்கிய நீர் மூன்று வழிகளில் நகரும். முதலாவது, நீர் மூலக்கூறுகள் வலைக்கண்கள் வழியே தாமாகப் பரவுவது. இதனால் ஜெல் சுருங்காது. இரண்டாவது, வலை நாளடைவில் இறுகும்போது உள்ளிருக்கும் நீர் வெளியே தள்ளப்படுவது. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் பால் சேர்த்துச் செய்யும் கடல்பாசியை மறுநாள் பார்த்தால் தட்டின் ஓரத்தில் நீர் கோத்திருக்கும், அது இதுதான். மேலே பாரம் வைத்து அழுத்தினால் இந்த நீர் விடுதல் வேகமாகும். மூன்றாவது, உறையும்போது நடப்பது. ஜெல்லை மெல்லக் குளிர்வித்தால் பனிப் படிகங்கள் தூய நீரை மட்டும் எடுத்துக்கொண்டு வளர்ந்து, அகர் இழைகளை ஓரங்கட்டிச் சுவர்களாக நெருக்கிவிடும். நெருங்கிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பனி உருகிய பிறகு நீர் பழைய இடத்துக்குத் திரும்பாது. சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும். அந்த நீரோடு உப்பும் நிறமும் போய்விடும். விட்டுப்போவது வெளிறிய கடற்பஞ்சு போன்ற ஒரு கட்டி.

நீர் இந்த வலையை விட்டு வெளியேறும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டொயோஇச்சி டனாகாவும் டேவிட் ஃபில்மோரும் அதை எழுதிக் காட்டினர்: ஜெல் உப்பவோ சுருங்கவோ ஆகும் நேரம் அதன் தடிமனின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிமனைப் பாதியாக்கினால் நேரம் கால் பங்காகும். பத்தில் ஒன்றாக்கினால் நூறில் ஒன்று. ஜப்பானியக் கைவினைஞர்கள் உறைய வைப்பதற்கு முன் அகர் ஜெல்லை இடியாப்பம்போல் மெல்லிய இழைகளாகப் பிழிந்தது இதற்குத்தான். கணிதம் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே கை அதைக் கண்டுகொண்டிருந்தது.

டனாகா ஆராய்ந்தது அகரை அல்ல, செயற்கை ஜெல்களை. அந்த வகையில் இன்று ஆய்வகங்களில் பெயர் பெற்றது பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு. அதன் போக்கு அகருக்கு நேர் எதிர்: ஏறத்தாழ 32 பாகைக்குக் கீழே நீரை உறிஞ்சி உப்பும், அதற்கு மேலே நீரைக் கக்கிச் சுருங்கும். இராமநாதபுரத்தில் கோடையில் அதை வாசலில் வைத்தால் நண்பகலில் சுருங்கிக் கிடக்கும். இரவில் வெப்பம் இறங்கி, பக்கத்தில் தண்ணீரும் இருந்தால் உப்பும். இந்தப் பண்பைக் கொண்டு கடல்நீரிலிருந்து நன்னீர் பிரிக்கும் முயற்சியை 2011-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பெயர்போன மாவட்டத்துக்காரர் யாருக்கும் அந்தச் செய்தி ஆர்வமூட்டும். ஆனால் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க அமைத்தது சவ்வுமுறை நிலையம். ஜெல்வழி முறை இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. நம் கதை பழைய ஜெல்லோடுதான்.

பனிமலைத் தொழில் வெப்பக் கரைக்கு வருதல்

அகரை உறைய வைத்து உலர்த்தும் முறை ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியதாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் ஒரு விடுதிக்காரர் மிச்சமான பாசி ஜெல்லை வெளியே கொட்டினார். அது இரவில் உறைந்து, பகலில் உருகி, சில நாளில் காய்ந்த சருகாயிற்று. அதை மறுபடி காய்ச்சினால் முன்பைவிடத் தெளிவான ஜெல் கிடைத்தது என்பது கதை. கதை எப்படியோ, முறையின் பொருளியல் உண்மை. 1 கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1 கிலோ நீரை உறைய வைக்க 334 கிலோஜூல் வெப்பத்தை நீக்கினால் போதும். ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். ஜப்பானின் மலையூர்களில் அந்தக் குளிரும் இரவுதோறும் இலவசம்.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். நூற்றுக்கு ஒரு பங்கு அகர் உள்ள 100 கிலோ ஜெல்லை உறைய வைத்து உருக்கி வடித்தால் அகரின் அளவு நூற்றுக்கு 10 பங்கு வரை ஏறும். அதாவது 100 கிலோ 10 கிலோவாகும். 90 கிலோ நீர் விறகில்லாமல் போய்விட்டது. உறைய வைக்காமல் துணியில் கட்டி அழுத்தியே நீரை விட வைக்கும் முறை பின்னாளில் வந்தது. அதில் நூற்றுக்கு 20 பங்கு வரை எட்டலாம்.

இராமேசுவரம் கரையில் குளிர் இல்லை, வெயில் நிறைய. அப்படியென்றால் ஜெல்லை நேரே வெயிலில் காய வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். காயும். ஆனால் உப்பும் பாசியின் நிறமும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். மேல்பரப்பு முதலில் காய்ந்து தோலாகி, உள்ளே ஈரத்தை அடைத்துவிடும். கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே உறைநிலை என்பது நீரை வெளியேற்றும் வழி மட்டுமல்ல, ஜெல்லைக் கழுவும் வழியும்கூட. அதை வெயில் ஈடுசெய்யாது.

அகர் ஒரு தொழிலாக இங்கே வருவதற்கு முன்பே பாக் நீரிணைக்கு இருபுறத்தாருக்கும் இந்தப் பாசி தெரியும். இலங்கைக் கரையில் சேகரித்த கஞ்சிப் பாசி 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பாசி என்ற பெயரில் மருந்துச் சரக்காக விற்பனையானது. 1830-களில் கல்கத்தாவில் வில்லியம் புரூக் ஓ'ஷாக்னசி அதைப் பகுத்தாய்ந்து எழுதினார். இந்தப் பக்கத்துக் கரையூர்களில் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார்கள். ஆறினால் கெட்டியாகும், கொதித்தால் இளகும் என்பதை அறிய யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. காய்ந்த பாசியாக வைத்துக்கொண்டு வேண்டும்போது காய்ச்சிக்கொண்டதால் ஜெல்லிலிருந்து நீரை எடுக்கும் தேவையே எழவில்லை.

அந்தத் தேவையை உண்டாக்கியது நுண்ணுயிரியல். 1881-ஐ ஒட்டி பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸே, கோடை வெப்பத்தில் ஜெலட்டின் உருகிப்போவதால் திண்டாடினார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்து வந்த குடும்பத்தாரிடம் கற்ற சமையல் பக்குவத்தை நினைவில் வைத்து அகரைப் பரிந்துரைத்தார். உடல் வெப்பமான 37 பாகையிலும் உருகாத ஜெல் கிடைத்ததும் பாக்டீரியா வளர்ப்பு எளிதாயிற்று. அந்த அம்மையாரின் பெயர் அன்றைய கட்டுரைகளில் இடம்பெறவில்லை என்பதையும் சொல்லி வைக்கலாம். அன்றிலிருந்து உலகத்து மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் ஜப்பானிய அகரை நம்பியே நடந்தன.

போரும் மண்டபமும்

1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டதும் ஜப்பானிய அகர் நின்றது. பிரிட்டனும் அமெரிக்காவும் தத்தம் கரைகளில் பாசி தேடின. இந்தியாவும் தேடியது. 1943-இல் போஸ், கரிமுல்லா, சித்திக் ஆகியோர் இந்தியாவில் அகர் தயாரிப்பது பற்றி ஒரு குறிப்பை வெளியிட்டனர். சென்னை மாகாணத்தில் கருணாகர், ராஜு, வரதராஜன் ஆகியோர் கஞ்சிப் பாசியிலிருந்து அகர் எடுத்த ஆய்வு 1948-இல் வெளிவந்தது. திருவிதாங்கூரிலும் அதே தேடல் நடந்தது.

எந்தப் பாசி எங்கே கிடைக்கும் என்ற அறிவு அதற்குள் ஓரளவு திரண்டிருந்தது. குருசடைத் தீவின் பாசிகளை எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-இல் பட்டியலிட்டிருந்தார். டென்மார்க்கின் போர்கெசென் தென்னிந்தியப் பாசிகளைப் பற்றி 1930-களில் எழுதினார். இவை தாவரவியல் பட்டியல்கள். தொழிலுக்கு எழுதியவை அல்ல. ஆனால் போர்க்கால வேதியியலர்களுக்கு இவைதான் வழிகாட்டி.

1947 பிப்ரவரியில் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைத் தடுத்து நிறுத்தி நோய்ச் சோதனை செய்த கட்டடங்களில் ஆய்வாளர்கள் குடிபுகுந்தனர். அங்கே பாசியியலைக் கவனித்தவர் பிரான்சிஸ்கா தீவி. இந்தியப் பாசிகளின் பயன்பாடு பற்றியும் பலவகை இந்திய அகர்களின் தன்மை பற்றியும் 1951-இல் எழுதினார். சிறிய அளவில், குடிசைத் தொழிலாகவே அகர் எடுக்கும் முறையைப் பின்னர் வகுத்தளித்தார். பாசியை நன்னீரில் ஊற வைத்துக் கழுவுதல், இடித்தல், காய்ச்சி வடித்தல், தட்டில் ஊற்றி ஆற விடுதல், நீளத் துண்டுகளாக நறுக்கி உறைய வைத்தல், உருக்கி வெயிலில் காய வைத்தல் என்று படிகள் போகும். கடைசிப் படிக்கு இந்தக் கரை உலகத்திலேயே தோதான இடம். முதற்படிக்கும் உறைய வைக்கும் படிக்கும் தோதே இல்லாத இடம்.

தீவியின் முறையை நான் இன்னும் மதிக்கிறேன். மீனவர் வீட்டு முற்றத்தில் தொடங்கக்கூடிய தொழிலை மனத்தில் வைத்து எழுதியது அது. ஆனால் வீட்டு முற்றத்துக்கு உறைநிலைக் குளிரை யார் கொண்டுவருவது? கரையில் ஐஸ் கம்பெனிகள் வந்தபோதும் அவை மீனுக்கும் இறாலுக்குமே ஐஸ் உடைத்தன. மீன் ஏலம் போகும் விலைக்கு எதிரில் பாசி ஜெல்லுக்கு யார் அறை ஒதுக்குவார்?

கஞ்சிப் பாசியில் இன்னொரு சிக்கல். அதன் அகரில் சல்பேட் கூறு மிகுதி. அது சங்கிலிகள் சீராக முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும். வலை தளர்வாக இருப்பதால் ஜெல் வலுக்குறைந்து நொறுங்கும். காய்ச்சுவதற்கு முன் காரத்தில் வேக வைத்தால் சல்பேட் விலகி ஜெல் வலுப்பெறும். பிறகு அந்தக் காரத்தையும் கழுவித் தீர்க்க வேண்டும், மறுபடி நன்னீர். மரிக்கொழுந்துப் பாசியில் இந்தத் தொல்லை குறைவு, ஜெல்லும் உறுதியானது. ஆகவேதான் வியாபாரிகள் அதைத் தேடினார்கள். ஆகவேதான் அது அருகியும் போனது.

ஈரம் கரையில் நிற்க, சரக்கு மதுரைக்கு

தமிழகக் கரையில் வணிக நோக்கில் பாசி எடுப்பது 1966 முதல் வேகம் பிடித்தது. முதலில் காய்ந்த பாசியாகவே வெளிநாட்டுக்கும் போனது. உள்நாட்டு ஆலைகளுக்குச் சரக்குப் போதவில்லை என்றதும் 1970-களின் நடுவில் அகர் தரும் பாசிகளின் ஏற்றுமதியை அரசு நிறுத்தியது. மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்கு அது கைகொடுத்தது.

ஏன் மதுரை? அங்கேயும் குளிர்காலத்தில் பனி விழுவதில்லை. ஆனால் உறைய வைக்கும் எந்திரத்துக்கு மின்சாரம் கிடைத்தது; ஆலைக் கிணறுகளில் உப்பில்லாத நீர் கிடைத்தது; வேதிப்பொருள் வாங்கவும் சரக்கு அனுப்பவும் சந்தை இருந்தது. இராமநாதபுரத்தில் குடத்துக்கு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில் பாசி கழுவ ஒரு தொட்டி, கார வேக்காட்டைக் கழுவ ஒரு தொட்டி, காய்ச்ச ஒரு தொட்டி என்று வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ச்சுவதற்கு மட்டுமே கிலோவுக்கு 100 லிட்டர். கழுவும் நீர் அதற்கு மேல். கரையிலேயே பாசியைக் காய வைத்தால் அதன் சொந்த நீர் மணலோடு போய்விடும், எடை குறையும், லாரிக்கூலி மிச்சம். ஈரத்தைக் கரையில் விட்டுவிட்டு உலர்சரக்கை ஊருக்குள் கொண்டுபோவதே வியாபாரிக்குத் தோதாக இருந்தது. மதிப்புக் கூடும் வேலையும் சரக்கோடு போய்விட்டது.

கரையில் தங்கியது உடலுழைப்பு. பாரதி நகர், சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் விரல்களில் துணிச்சுருளைக் கட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டு, காலில் ரப்பர் செருப்பும் கண்ணில் நீர்க்கண்ணாடியுமாக மூழ்குகிறார்கள். இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்து பவளப் பாறையை ஒட்டி, சாண் உயரம்கூட இல்லாமல், கிளைவிட்டு வளைந்து வளரும். அடியை விட்டு மேற்பகுதியை மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். பாறையோடு சுரண்டினால் அந்த இடம் மொட்டை. மூத்த பெண்களுக்கு இது கைப்பழக்கம். கரைக்கு வந்ததும் சங்கு, சிப்பித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு மணலில் பரப்புவார்கள். மணல் ஒட்டியிருக்கிறது என்று சொல்லி ஏஜென்ட் எடையில் கழிப்பார். முன்பணம் வாங்கியிருந்தால் பேச்சே கிடையாது.

1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் அதில் அடங்கின. பின்னர் காவல் இறுகியதும் தீவோரத்தில் பாசி எடுத்த பெண்கள் குற்றவாளிகளைப்போல் துரத்தப்பட்டார்கள். பவளப்பாறை காக்கப்பட வேண்டியதே. ஆனால் எந்த மாதம் எடுக்கலாம், எத்தனை நாள் விட்டுவைக்கலாம் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்களும் அந்தப் பெண்களே. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் பொறுப்புக்காகத்தான்.

வலையைக் கலைக்காமல்

கப்பாபைகஸ் என்ற அயல்பாசியைப் பவநகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1984-இல் ஜப்பானிலிருந்து தருவித்து, குஜராத் கரையில் பழக்கி, 1995-இல் மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்தச் சாகுபடியில் இறங்கியதால் கரையில் பெப்சிப் பாசி என்றே பெயர் நிலைத்தது. மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுக்கலாம். 2008-இல் அந்தத் தொழில் அக்வாஅக்ரி நிறுவனத்தின் கைக்குப் போனது.

இதிலிருந்து கிடைக்கும் காராஜீனனும் வெப்பத்தில் இளகி ஆறினால் இறுகும் ஜெல்தான். இங்கேதான் நீர்ச் சிக்கலுக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. பாசியைப் பொட்டாசியக் காரத்தில் சூடாக்கினால் பொட்டாசியம் காராஜீனன் முறுக்குகளை இறுக்கிப் பிடிக்கும். அது கரைந்து வெளியே வராது. மற்ற பொருள்கள் கரைந்து போகும். மிஞ்சிய பாசியைக் கழுவிக் காய வைத்தால் பாதி சுத்திகரித்த காராஜீனன் தயார். 100 கிலோ ஜெல் காய்ச்சவும் வேண்டாம். 99 கிலோ நீரை விரட்டவும் வேண்டாம். ஜெல் பாசியின் உடலுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. அதே ஆராய்ச்சி நிலையம் இன்னொன்றும் செய்தது: பச்சைப் பாசியை அரைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றைத் திரவ உரமாக்கி, சக்கையிலிருந்து காராஜீனன் எடுத்தது. அகர்த் தொழில் சுமையாகக் கண்ட நீர் இங்கே விலைபோகும் சரக்கு. இந்தக் கரையின் அறுபதாண்டு ஆய்வில் மிகப் புத்திசாலித்தனமான திருப்பம் இதுதான் என்பது என் மதிப்பீடு.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. குருசடைத் தீவருகே கப்பாபைகஸ் பவளங்களின் மேல் படர்ந்ததை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் தெரிவித்தனர். 2013-ஐ ஒட்டிச் சாகுபடிப் பாசி பெருமளவில் அழிந்தது. கடல்நீர் சூடேறியதும் நோயும் காரணமாகச் சொல்லப்பட்டன. மிதவை கட்டிய குடும்பங்கள் பல மறுபடி தீவுப் பாசிக்கே திரும்பின.

2023 செப்டம்பரில் இதே மாவட்டத்தின் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு ஏறத்தாழ 127 கோடி ரூபாய். விதைப்பாசி, பயிற்சி, ஆய்வகம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நன்னீர், ஜெல்லை உறைய வைக்க எத்தனை டன் குளிர், கழுவிய காரநீர் எந்த வழியில் போகும் என்ற மூன்று எண்களையும் திட்டம் தீட்டுவோர் முதலில் வெளியிட வேண்டும். அவை இல்லையென்றால் வளமாவூரிலிருந்தும் காய்ந்த பாசி மூட்டையே லாரி ஏறும்.